ஊரும் அறக்கோட்டம் ஆகட்டும்!

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையில், சிறைக்கோட்டம் அறக்கோட்டமான வரலாறு ஒரு தனிக் காதையாகவே அமைந்துள்ளது. காயசண்டிகை வடிவில் சிறைக்கோட்டம் புகுந்த மணிமேகலை, அங்குப் பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியால் உணவு அளிக்கிறாள். செய்தி அறிந்த சோழ வேந்தன் அவளை அழைத்து, யாது வேண்டும் என வினவுகிறான். அவள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்குக என்றே வேண்டுகிறாள். வேந்தனும் அவ்வாறே செய்கிறான்.

வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும் போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. அன்று விடுவிக்கப்பட்டவர்கள் எங்கே சென்றார்கள்? புகார் நகர மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டார்களா? அவர்களுக்கு வேலை தந்தவர் யார்? காப்பியம் இது பற்றிப் பேசவில்லை. ஆனால் சிலப்பதிகாரம் ஓரளவு பேசுகிறது. தன் மகன் பரிசாகப் பெற்ற அணிகலன்களைக் கண்டு பொறாமை கொண்டோர் பழி சுமத்த, வார்த்திகன் என்பான் பாண்டிய நாட்டில் சிறைப்படுகிறான். உண்மை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்ததோடு நில்லாமல், பிழை பொறுக்குமாறு வேண்டி, திருத்தங்கால், வயலூர் என்னும் இரண்டு ஊர்களையும் அவனுக்கு அளிக்கிறான். சிறையிலிருந்து வெளியே வருபவனுக்கு விடுதலை மட்டும் போதாது, மானமும் வாழ வழியும் வேண்டும் என்பதை அந்த மன்னன் உணர்ந்திருந்தான் எனலாம்.

இந்த உணர்வு இன்று நம்மிடம் உள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. சிறைவாசிகளைச் சமுதாய வாழ்வுக்கு ஆயத்தம் செய்வது அரசின் கடமை என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடுகிறோம். அவர்கள் திரும்பி வரப்போவது அரசு அலுவலகத்திற்கு அன்று, நம் தெருவிற்கு. ஆகவே சிறைவாசியை ஊருக்கு ஆயத்தம் செய்வது பாதிப் பணியே. ஊரைச் சிறைவாசிக்கு ஆயத்தம் செய்வதே மீதிப் பணி, அப்பாதி நம்முடையது.

சிறையின் நோக்கம்

சிறை என்பது தண்டிப்பதற்கு மட்டும் உரிய இடம் அன்று என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னை மாகாண நிர்வாகத்தில் உயர் பொறுப்பு வகித்த சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919-20ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இந்தியச் சிறைகள் குழு, குற்றவாளியைத் திருத்தி மறுவாழ்வுக்கு உரியவனாக்குவதே சிறை நிர்வாகத்தின் குறிக்கோள் என்று எடுத்துரைத்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1980இல் நீதிபதி ஆனந்த நாராயண் முல்லா தலைமையில் அமைந்த குழு 1983இல் விரிவான அறிக்கை அளித்தது. அந்த நீதியரசர் உருதுக் கவிதைக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கவிஞரும் ஆவார் என்பது தமிழ்த்துறை மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யரை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலாது. 1948இல் தாமே ஒரு திங்கள் காவலில் அடைபட்டவர். 1957இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவர். சிறையின் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மேலிருந்தும் அதனைக் கண்ட அவர், 1977இல் முகம்மது கியாசுத்தீன் வழக்கில் வழங்கிய தீர்ப்பில், குற்றவாளி திருத்தத்தக்கவன், தண்டனையின் போக்கு அவனைச் சீர்ப்படுத்துவதாக அமைய வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தினார்.

ஐக்கிய நாடுகள் அவை 2015இல் திருத்தி ஏற்றுக்கொண்ட சிறை விதிகள், இருபத்தேழு ஆண்டுகள் சிறையில் கழித்த நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தண்டனையின் தொடக்கத்திலிருந்தே விடுதலைக்குப் பின்னுள்ள வாழ்வைக் கருத வேண்டும் என்கின்றன அவ்விதிகள். வெளியே வருபவருக்கு உரிய ஆவணங்கள், தங்க இடம், செய்ய வேலை, பருவத்திற்கேற்ற உடை, ஊர் போய்ச் சேர வழிச்செலவு ஆகியவை கிடைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. சிறைவாசி சமுதாயத்திலிருந்து வெட்டியெறியப்பட்ட உறுப்பு அல்லன், அதன் தொடர்ந்த பகுதியே என்னும் எண்ணம் இவ்விதிகளின் அடிநாதமாக ஒலிக்கிறது.

உள்ளே நடப்பன

நம் தமிழகச் சிறைகளில் எதுவும் நடைபெறவில்லை என்று கூறுவது நன்றி மறந்த பேச்சாகும். வேலூரில் காலணி தைக்கின்றனர்; கோவையில் நெசவு நெய்கின்றனர்; புழலில் அடுமனை நடத்துகின்றனர். சிறைவாசிகளே பணிபுரியும் பெட்ரோல் நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. 2023இல் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் நிலையமும் தொடங்கப்பட்டது. அங்கு வண்டியை நிறுத்தி எரிபொருள் நிரப்பிக்கொண்டு நன்றி கூறிச் செல்லும் மனிதர், தம்மை அறியாமலேயே ஒரு மறுவாழ்வுப் பணியில் பங்கு கொள்கிறார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைச் சிறையிலிருந்தே எழுதித் தேறுவோர் ஆண்டுதோறும் உள்ளனர். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் வாயிலாகப் பட்டம் பெறுவோரும் உள்ளனர். கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பிலும் உள்ள திறந்தவெளிச் சிறைகளில், நன்னடத்தை உடையோர் உயர்ந்த மதிலின்றி உழவு செய்து வாழ்கின்றனர்.

இராசத்தான் மாநிலம் இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளது. செய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் 1963 முதல் இயங்கிவரும் திறந்தவெளி முகாமில், தண்டனை பெற்றோர் தம் குடும்பத்தோடு வாழ்கின்றனர். பகலில் ஊருக்குள் சென்று உழைத்துப் பொருள் ஈட்டுகின்றனர். மாலையில் திரும்பி வந்து வருகையைப் பதிவு செய்கின்றனர். விடுதலை நாள் வரும்போது அவர்களுக்கு ஊரும் புதிதன்று. ஊருக்கு அவர்களும் புதியரல்லர்.

எனினும் இவற்றின் எல்லையையும் நாம் உணர வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதி நாளில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். அதாவது நால்வரில் மூவர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். தொழிற்பயிற்சி, ஊதியம், விடுப்பு, திறந்தவெளிச் சிறை ஆகியன பெரும்பாலும் தண்டனை பெற்றோரைக் கருதி வகுக்கப்பட்டவை. விசாரணைச் சிறைவாசியோ வாய்தாவுக்கு வாய்தா நாளை எண்ணிக் காத்திருக்கிறார். நாளை பிணை கிடைக்கலாம், அல்லது மூன்று ஆண்டுகள் ஆகலாம். எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாத ஒருவருக்கு எந்தப் பயிற்சியை எவர் அளிப்பார்? ஆகவே, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் ஒரு தொழிலைக் கற்று வெளியேற, குற்றமற்றவர் என விடுவிக்கப்படுபவர் ஒன்றும் கல்லாமல், இருந்த வேலையையும் இழந்து வெளியேறும் விந்தை இங்கு நிகழ்கிறது.

தலித் மக்கள், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஆகியோர் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிட மிகுதியான அளவில் சிறைகளில் உள்ளனர் என்பதும் அதே கணக்குகள் ஆண்டுதோறும் காட்டும் உண்மை. சிறைக்குள்ளும் சாதி புகுந்திருந்தது. சாதி பார்த்து வேலை பகிரும் வழக்கத்தை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024இல்தான் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஏழ்மையும் கல்வியின்மையும் உள்ளே தள்ளுகின்றன. அவையே வெளியிலும் வாயிலில் காத்து நிற்கின்றன.

வாயிலுக்கு வெளியே முதல் நாள்

பதினைந்து, இருபது ஆண்டுகள் உள்ளே இருந்த ஒருவர் ஒரு காலை நேரத்தில் சிறை வாயிலைக் கடந்து வருவதாக எண்ணிப் பார்ப்போம். கையில் ஒரு துணிப்பை. அவர் உள்ளே சென்றபோது புழக்கத்தில் இருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள் 2016இல் செல்லாததாகிவிட்டது. தேநீர்க் கடையில் காசு கொடுப்பவரைவிடக் கைப்பேசியைக் காட்டிச் செல்பவரே மிகுதி. ஆதார் அட்டை இல்லை. அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. கைப்பேசி எண் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதோ நீக்கப்பட்டதோ தெரியாது. நினைவில் இருந்த தொலைபேசி எண்கள் எவையும் இப்போது உயிருடன் இல்லை. தாய் இறந்திருக்கலாம். 'மனு பார்த்தல்' எனச் சிறை வழக்கில் கூறப்படும் நேர்காணலுக்கு முதல் சில ஆண்டுகள் வந்த மனைவி, பேருந்துக் கட்டணத்திற்கு வழியின்றி வருவதை நிறுத்தியிருக்கலாம். மகள் அவரை அடையாளம் காணாமல் போகலாம்.

இவை ஒவ்வொன்றும் சிறு செய்தியாகத் தோன்றும். ஆனால் இச்சிறு கதவுகளில் ஒன்று அடைபட்டாலும் அடுத்தது திறக்காது. முகவரி இன்றி அட்டை இல்லை. அட்டை இன்றி வேலை இல்லை. வேலை இன்றி வாடகை வீடு இல்லை. வீடு இன்றி முகவரி இல்லை. இச்சுழலில் சிக்கியவர் முன் எப்போதும் திறந்தே இருக்கும் கதவு ஒன்று உண்டு. அது, பழைய கூட்டாளியின் வீட்டுக் கதவு.

கல்வியும் புகழும் உடையோர்க்கே இந்நிலை நேர்ந்ததை நம் வரலாறு காட்டும். கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ. சிதம்பரனார் 1912ஆம் ஆண்டின் இறுதியில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். அவர் சிறை சென்றபோது திருநெல்வேலிச் சீமையே கொந்தளித்தது. வெளியே வந்தபோது வாயிலில் காத்திருந்தவர் ஒரு சிலரே. கப்பல் கம்பெனி இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் வறுமையோடு போராடினார். பின்னாளில் அவருக்கு உரிமத்தை மீட்டுத் தர உதவியவர் வாலிஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். சிறைக்குள் நூல் எழுதியும் மொழிபெயர்த்தும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்ட பேரறிஞர் அவர். ஆயத்தமாகாதிருந்தது நாடுதான். அவருக்கே அந்நிலை எனில், பெயரும் புகழும் இல்லாத ஓர் எளியவரின் நிலையை என்னென்பது!

மார்க்கம் காட்டும் வழி

திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை விரிக்கிறது. செய்யாத குற்றத்திற்காகச் சிறைப்பட்ட அவர்கள், விடுதலையாகும் சிறைத்தோழர் ஒருவரிடம், தம்மைப் பற்றி மன்னரிடம் எடுத்துரைக்குமாறு வேண்டினார்கள். வெளியே சென்றவர் மறந்துவிட்டார். அம்மறதியால் யூசுப் நபி மேலும் சில ஆண்டுகள் சிறையில் கழிக்க நேர்ந்தது. பின்னர் மன்னரின் அழைப்பு வந்தபோதும் அவர்கள் உடனே வெளியேறவில்லை; தம்மீது சுமத்தப்பட்ட பழி முதலில் துடைக்கப்பட வேண்டும் என்றார்கள். கதவு திறப்பதைவிடப் பெயர் துலங்குவது பெரிது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமா? அதன் பின் அந்நாட்டின் களஞ்சியப் பொறுப்பே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நேற்று வரை சிறையில் இருந்தவரை நம்பிச் சாவியைக் கொடுத்த நாடு, பஞ்சத்திலிருந்து பிழைத்தது.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள், ஈட்டுத்தொகை செலுத்த இயலாத எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர்க்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெற்றனர் என வரலாறு கூறும். எதிரியின் கையிலிருந்த கல்வியை மதித்து, அதனையே விடுதலைக்கு வழியாக்கினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் இழித்துப் பேசியபோது, உம் சகோதரனுக்கு எதிராகச் சைத்தானுக்குத் துணை போகாதீர் என்னும் கருத்துப்படத் தடுத்ததும் அவர்களே. தண்டனை முடிந்த பின் நாவால் தொடரும் தண்டனைக்கு மார்க்கத்தில் இடமில்லை.

இவற்றினும் ஆழமானது நூறு கொலை செய்தவனைப் பற்றிய நபிமொழி. தொண்ணூற்றொன்பது உயிர்களைப் பறித்த ஒருவன் மனம் வருந்தி ஒரு துறவியிடம் செல்கிறான். உனக்கு மன்னிப்பே இல்லை என்கிறார் அவர். அவரையும் கொன்று நூறாக்குகிறான். பின்னர் ஓர் அறிஞரிடம் செல்கிறான். மன்னிப்பு உண்டு என்ற அவர் அத்தோடு நிறுத்தவில்லை. இன்ன ஊருக்குச் செல், அங்கு நல்லோர் வாழ்கின்றனர், உன் பழைய ஊருக்குத் திரும்பாதே என்று வழி காட்டுகிறார். அவன் வழியிலேயே இறந்தான். நல்லோர் ஊருக்கு ஒரு சாண் நெருங்கியிருந்ததால் மன்னிக்கப்பட்டான். துறவி அறிவுரை கூறினார். அறிஞரோ ஒரு முகவரி தந்தார். திருந்த நினைப்பவனுக்கு வேண்டுவது ஏற்றுக்கொள்ளும் ஊர். அந்த ஊர் எது என்று இன்று எவரேனும் நம்மிடம் கேட்டால், நம் ஊரின் பெயரைச் சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

நாம் தவறிய இடம்

பிறர்மீது குறை கூறும் முன் நம் குறையைக் கூறிவிடுதல் நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். நன்கு படிப்பவர், இலக்கணத்தில் ஆர்வம் உடையவர். உதவித்தொகை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தை நிரப்பாமலே கொடுத்திருந்தார். நிரப்பித் தருமாறு வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கூறினோம். அவர் எழுந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தனியே வந்து, தந்தை சிறையில் இருப்பதாகவும் அதனை எழுதுவதா விடுவதா எனத் தெரியவில்லை என்றும் மெல்லிய குரலில் கூறினார். அந்த விண்ணப்பத்தை நாம் எவ்வாறோ முடித்து அனுப்பினோம்.

ஈராண்டுகள் சென்றபின் அவருடைய தந்தை விடுதலையாகி மகனோடு நம்மைக் காண வந்தார். நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை, அமரச் சொன்னபோதும் அமரவில்லை. நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று கேட்டார். சிறையில் தையல் கற்றதாகவும் சொன்னார். நமக்குத் தயக்கம் ஏற்பட்டது. நாளை ஏதேனும் நேர்ந்தால் நம் பெயர் அன்றோ கெடும் என்று உள்ளம் கணக்குப் போட்டது. அடுத்த வாரம் வாருங்கள், பார்க்கலாம் என்றோம். அவர் தலையசைத்து, "சரிங்க சார்" என்று சொல்லிச் சென்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை, எப்போதும் வரவில்லை. மகன் பட்டம் பெற்றுச் சென்றபின் அக்குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். மணிமேகலையைப் பல்லாண்டுகள் பாடம் நடத்திய நமக்கு, ஒரு கடிதம் எழுதக் கை வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கடிதத்திற்குப் பதிலாக எழுதப்படுவதே.

எழக்கூடிய தடைகள்

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன நீதி, அவரை விடுத்துக் குற்றம் செய்தவருக்காகப் பரிந்து பேசுவது முறையா என்று பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. கொலையுண்டவரின் மனைவிக்கும் களவு கொடுத்த ஏழைக்கும் நம் இரக்கத்தில் முதலிடம் உண்டு. சிறைவாசிகளின் ஊதியம் பற்றி 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நியாயமான ஊதியம் வழங்க வேண்டும் என்றதோடு, அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோருக்குச் சென்றடைய வகை செய்ய வேண்டும் என்றும் கூறியது. உழைத்து ஈட்டுபவனால்தான் ஈடு செய்ய இயலும். வேலையின்றித் தெருவில் திரிபவனால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நன்மையும் இல்லை. இன்னொருவர் பாதிக்கப்படுவதற்கு வழி மட்டும் உண்டு.

அச்சமாக இருக்கிறதே என்பது அடுத்த தடை. அச்சம் பொய்யன்று. பெண்மக்கள் உள்ள வீட்டார் எச்சரிக்கையாக இருப்பதை எவரும் குறை கூற இயலாது. கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நாம் கூறவில்லை. கூடா நட்பால் ஒருமுறை தவறியவரும் திட்டமிட்டுக் குற்றமே தொழிலாகக் கொண்டவரும் ஒருவரல்லர். எந்தக் குற்றம், எத்தகைய நடத்தை, எந்த வேலைக்குப் பொருத்தம் என்பதைச் சிறை நல அலுவலரிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் கேட்டறிந்து, பொறுப்பேற்கும் ஒருவரை முன்னிறுத்தி, படிப்படியாக நம்பிக்கையை வளர்ப்பதே அறிவுடைமை. அனைவரையும் ஒரே முத்திரையால் ஒதுக்குவது எளிது. ஆனால் ஒதுக்கப்பட்டவர் ஊரை விட்டு மறைந்துபோவதில்லை. நம் பார்வையிலிருந்து மட்டுமே மறைகிறார்.

செய்யத்தக்கன

நீண்டகாலச் சிறைவாசிகளின் முன்விடுதலை குறித்து நம் சமுதாய மேடைகளில் பல்லாண்டுகளாகக் குரல் ஒலிக்கிறது. அக்குரல் தேவையானதே. ஆயினும், விடுதலைக்கு மறுநாள் அவர் எங்கே உறங்குவார், எங்கே உழைப்பார் என்று எந்த மேடையும் பேசி நாம் கேட்டதில்லை. ஆகவே சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

ஜமாஅத் பெரியோர்க்கு முதல் வேண்டுகோள். தம் ஊரைச் சேர்ந்த எவரேனும் விடுதலையாகும் நாள் நெருங்கினால், மூன்று திங்கள் முன்னதாகவே அவருடைய வீட்டாரைச் சந்தியுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். விடுதலை நாளன்று சிறை வாயிலில் அவரை அழைத்துவர ஒரு மனிதர் நிற்கட்டும். பைத்துல்மாலிலிருந்து ஒரு தையல் இயந்திரத்திற்கோ தள்ளுவண்டிக்கோ வட்டியில்லாக் கடன் கொடுங்கள். பிணைத்தொகை கட்ட வழியின்றி உள்ளே வாடுவோருக்காக மைய அரசு 2023இல் தொடங்கிய ஏழைச் சிறைவாசிகள் உதவித் திட்டத்தில், விசாரணைச் சிறைவாசிக்கு நிதியுதவி பெற வழி உண்டு. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர், உரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தின் மூன்றிலொரு பங்கைக் காவலில் கழித்திருந்தால், அவரைப் பிணையில் விடுவிக்க வழி வகுக்கிறது. தூக்கோ வாழ்நாள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களும் வேறு சிலவும் இதற்கு விலக்கு. இவை பற்றி ஏழைகளின் வீட்டுக்குச் சென்று சொல்வோர் இல்லை. வெள்ளிக்கிழமை அறிவிப்பில் ஒரு நிமிடம் இதற்கு ஒதுக்கலாகாதா? இவ்வுதவி நம்மவருக்கு மட்டும் என்றிராமல், அண்டை வீட்டார் எவராயினும் அவருக்கும் உரியதாகுக.

வணிகப் பெருமக்களுக்கு அடுத்த வேண்டுகோள். தோல் தொழிற்சாலை, ஆயத்த ஆடை, உணவகம், துணிக்கடை எனப் பல தொழில்கள் நம்மவர் கையில் உள்ளன. சிறையில் காலணி தைக்கக் கற்றவருக்குத் தோல் தொழிற்சாலையில் இடமில்லை என்றால் அவர் கற்றதன் பயன் என்ன? ஒரு கடைத்தெருவுக்கு ஒருவர் வீதம் ஏற்றாலும் போதும். சிறைத்துறையோடு பேசி, வெளியே எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டுமோ அதனையே உள்ளே கற்பிக்கச் செய்யலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. சிறைவாசிகளின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எவரையும் சிறைக்கு அனுப்பும் குற்றம் செய்தவர்கள் அல்லர். தந்தையின் தொழிலைப் பலர் முன்னிலையில் கேட்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். உதவித்தொகைக்கு வறுமையே போதிய தகுதியாகட்டும்.

மாணவச் செல்வங்களே! தமிழகச் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்னும் பெயரில் சிறை நூலகங்களுக்காகப் புத்தகங்களைத் திரட்டியது. புத்தகக் கண்காட்சிக்கு வந்தோர் தம் நூல்களை அங்கு வழங்கினர். படித்து முடித்த நூல்களை வீட்டில் கரையானுக்கு இடாமல், துறையில் ஒரு பெட்டி வைத்துச் சேர்த்து, முறையாக ஒப்புதல் பெற்றுச் சிறை நூலகத்திற்கு அனுப்புங்கள். சிறைவாசிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் எழுத்தறிவு அற்றவர். நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக உரிய அனுமதி பெற்று எழுத்தறிவிக்கச் செல்ல இயலுமானால், பத்ருக் கைதிகள் மதீனத்துச் சிறுவருக்குச் செய்ததை நீங்கள் அவர்களுக்குத் திருப்பிச் செய்தவர்கள் ஆவீர்கள்.

நிறைவாக

தொழுகையில் நாம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். அந்த வரிசையில் சிறையிலிருந்து வந்தவர் என்று எவரையும் விலக்கிவைக்க மார்க்கம் இடம் தரவில்லை. ஆனால் தொழுகை முடிந்து செருப்பை அணிந்துகொண்டு படியிறங்கும்போது அந்த வரிசை கலைந்துவிடுகிறது. படியிறங்கிய பின்னும் அவர் பக்கத்தில் நின்று, தேநீர்க் கடை வரை உடன் நடந்து செல்ல ஒருவர் இருப்பாரானால், அந்த ஊரில் ஒரு மனிதர் மீண்டும் சிறைக்குச் செல்லும் வழி பாதி அடைபட்டுவிடும்.

மணிமேகலை வேந்தனிடம் வேண்டியது சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக வேண்டும் என்பது. அவ்வேண்டுகோளில் ஒரு பகுதியை இன்றைய அரசுகள் சட்டத்தாலும் தொழிற்கூடங்களாலும் சிறிது சிறிதாக நிறைவேற்றி வருகின்றன. எஞ்சிய பகுதியை நிறைவேற்ற வேந்தன் தேவையில்லை. நம் தெருவும் கடையும் கல்லூரியும் பள்ளிவாசல் முற்றமும் போதும்.

அந்தத் தந்தை மீண்டும் நம் அறைக்கு வருவாரா, அறியோம். அவரைப் போன்ற வேறொருவர் வரக்கூடும். அவர் அமர நாற்காலி இருக்கிறது. எழுத வேண்டிய கடிதத்தை இம்முறை நாளைக்கு என்று தள்ளிவைக்க மாட்டோம்.